கொல்லிமலையின் பாவையும் பசியும்

ஒரு நாவலைப் படித்து முடித்தவர், அதில் வரும் ஊரும் ஆறும் மேடும் உண்மையில் எங்கே இருக்கின்றன என்று தேடிப் புறப்படுவது ஆங்கில இலக்கிய உலகில் நெடுநாளைய வழக்கம். எமிலி பிராண்டே 1847இல் வெளியிட்ட 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் மனத்தைப் பறிகொடுத்தவர்கள், யார்க்‌ஷயரில் உள்ள ஹாவொர்த் ஊருக்குச் சென்று, காற்று ஓயாத புதர்மேடுகளின் வழியே நடந்து, 'டாப் விதன்ஸ்' என்னும் இடிந்த பண்ணைவீட்டின் முன்னே நிற்கின்றனர். நாவலில் வரும் வீடு இதுதான் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் 1964இல் பிராண்டே கழகத்தார் அச்சுவரில் பதித்த கல்வெட்டு, இக்கட்டடம் முழுமையாக இருந்த காலத்திலும் எமிலி வருணித்த வீட்டை ஒத்திருக்கவில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அதைப் படித்த பிறகும் மக்கள் வருகின்றனர். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். அவர்கள் தேடி வந்தது கட்டடத்தை அன்று. கதை தங்களுக்குள் எழுப்பிய உணர்வுக்கு ஒரு முகவரியையே தேடி வந்தனர்.

இதில் பிழை ஒன்றும் இல்லை. எனினும் இத்தகைய தேடலில் இரு வகை உண்டு என்பதை நாம் உணர வேண்டும். ஒன்று, நூலில் கண்ட அழகை நிலத்தில் மீண்டும் காண விழைவது. மற்றொன்று, அந்நிலத்தில் யார் வாழ்ந்தார்கள், எதை உழுதார்கள், எதனால் துன்புற்றார்கள் என்று அறிந்து, அந்த அறிவோடு நூலுக்குத் திரும்புவது. முதல் வகை நம்மை மகிழ்விக்கிறது. இரண்டாம் வகை நம் வாசிப்பையே மாற்றிவிடுகிறது.

தாமஸ் ஹார்டியின் நாவல்கள் இவ்விரண்டாம் தேடலுக்கு இடம் தருபவை. 1874இல் வெளிவந்த தம் நாவல் ஒன்றில் 'வெசெக்ஸ்' என்னும் பழம்பெயரைத் தம் கதைநிலத்திற்கு அவர் சூட்டினார். அவருடைய 'காஸ்டர்பிரிட்ஜ்' உண்மையில் டார்செஸ்டர் நகரமே என்பதை யாவரும் அறிவர். 1913லேயே ஹெர்மன் லீ என்பவர் அக்கதை நிலங்களைப் புகைப்படங்களோடு தொகுத்து வழிகாட்டி நூல் வெளியிட்டுவிட்டார். ஆயினும் ஹார்டியின் நிலம் வெறும் காட்சியன்று. 1883இல் டார்செட் பகுதி உழவுத் தொழிலாளரின் நிலை குறித்து அவர் தனிக் கட்டுரையே எழுதினார். 1891இல் வெளிவந்த 'டெஸ்' நாவலில், குளிர்காலத்துக் கல்வயலில் கிழங்கு வெட்டும் கூலிப்பெண்ணாக அவள் நிற்கும் பக்கங்களைப் படிப்பவருக்கு, அந்நாட்டின் அழகிய பச்சை மேடுகள் பிறகு ஒருபோதும் வெறும் பச்சை மேடுகளாகத் தோன்றா.

இதற்கு மாறான நிலை சர் வால்டர் ஸ்காட்டின் நாவல்களுக்கு நேர்ந்தது. 1814இல் வெளிவந்த அவருடைய 'வேவர்லி', 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்புலமாகக் கொண்டு, ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தை வீரமும் விசுவாசமும் விளையும் மண்ணாக உலகுக்குக் காட்டியது. அதே 1814ஆம் ஆண்டில், அதே மேட்டுநிலத்தின் வடகோடியில் உள்ள ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில், ஆட்டுப் பண்ணைகளுக்கு இடம் வேண்டிக் குடியானவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுடைய வீடுகள் எரிக்கப்பட்டன. ஸ்காட் அதற்குக் காரணரல்லர். ஆனால் மேட்டுநிலம் நூலில் ஒளிபெற்ற அதே ஆண்டில், அம்மண்ணின் மக்கள் அங்கிருந்து துரத்தப்பட்டனர் என்பது வரலாறு. கதைநிலத்தைக் காணச் செல்பவர் இவ்விரண்டையும் சேர்த்துக் காண வேண்டாமா?

இந்தக் கேள்வியோடு நம் கொல்லிமலைக்கு வருவோம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பான கொல்லிமலை, 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் வயலும் தோப்பும் சிற்றூர்களுமாக ஓர் உலகம் விரிகிறது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று இங்குள்ள ஊராட்சிகள் இன்றும் 'நாடு' என்றே பெயர் தாங்கி நிற்கின்றன. இங்கு வாழும் மலையாளி பழங்குடியினருக்கும் கேரள நாட்டு மலையாளிகளுக்கும் தொடர்பில்லை; மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே அப்பெயரின் பொருள். அறப்பளீசுவரர் கோயிலும், ஐயாறு வீழும் ஆகாய கங்கை அருவியும், செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த வல்வில் ஓரியின் சிலையும் வருவோர் தவறாமல் காண்பவை. ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டி அரசு இங்கே ஓரி விழா எடுக்கிறது.

தமிழ்நாட்டில் இலக்கியப் பெயர் இத்துணை அடர்ந்து படிந்த மலைகள் சிலவே. ஆகவேதான் இங்கு வருவோர் பலர் ஒரு பாடலின் நினைவோடு வருகின்றனர். அந்நினைவு பெரும்பாலும் இரண்டே உருவங்களில் அடங்கிவிடுகிறது: ஒன்று வள்ளல் ஓரி, மற்றொன்று கொல்லிப்பாவை.

ஓரியை நமக்குத் தந்தவருள் முதன்மையானவர் வன்பரணர். புறநானூற்றின் 152ஆம் பாட்டில், ஒரே அம்பினால் யானை முதலாக உடும்பு ஈறாகப் பல விலங்குகளை வீழ்த்திய ஒரு வேட்டுவனைப் பாணர் கூட்டம் காட்டில் சந்திக்கிறது. அவன் தன் பெயரைச் சொல்லாமலே அவர்களுக்கு ஊனும் தேறலும் பொன்னும் மணியும் கொடுத்தனுப்புகிறான். புகழைக் கேட்டு நாணுகின்ற கொடையாளி என்னும் அந்தச் சித்திரம் நம் நெஞ்சில் நிலைத்துவிட்டது. செம்மேட்டுச் சிலை அதன் வாரிசே.

ஆனால் அதே ஓரியின் முடிவைப் பேசும் பாடல்களும் உள்ளன. அகநானூற்றின் 209ஆம் பாட்டில் கல்லாடனார், முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரர்க்கு ஈந்தான் என்கிறார். காரி யார்? சிறுபாணாற்றுப்படை ஓரியோடு சேர்த்து எண்ணும் எழுவர் வள்ளல்களுள் அவனும் ஒருவன். ஒரு வள்ளல் மற்றொரு வள்ளலைக் கொன்று, அவனது மலையை மூன்றாமவனுக்குக் கொடையாக அளிக்கிறான்! அருவியும் பலாவும் தேனும், அவற்றோடு அங்கு வாழ்ந்த மக்களும் கைமாறிய அந்த நாள் எப்படி இருந்தது? அதற்கு ஒரே ஒரு விடை கிடைக்கிறது. ஓரியைக் கொன்ற காரி அவனுடைய பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணையின் 320ஆம் பாட்டில் கபிலர் நினைவுகூர்கிறார். அதுவும் நேரே அன்று. பரத்தை ஒருத்தி தெருவில் செல்வதைக் கண்டு ஊர் எழுப்பிய அலருக்கு உவமையாகவே அவ்வாரவாரம் வருகிறது. தலைவனை இழந்த ஒரு மலைநாட்டு மக்களின் கதறல், காதல் ஊடலைப் பேசும் பாட்டின் நடுவே ஓர் ஒலியாக மட்டும் எஞ்சியது. ஓரி விழாவில் ஓரியின் வில்லைப் பற்றிப் பேசுகிறோம். அந்தத் தெருவைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

அடுத்தது கொல்லிப்பாவை. தெய்வம் காக்கும் மலையில் நிற்பது, காற்றும் இடியும் நிலநடுக்கமும் உற்றாலும் தன் வனப்புக் கெடாதது என்று நற்றிணையின் 201ஆம் பாட்டு அதனைப் போற்றும். பூதம் செய்தமைத்தது என்று அதே தொகையின் 192ஆம் பாட்டு கூறும். இவை அனைத்திலும் பாவை தலைவியின் அழகுக்கு உவமை. பிற்காலக் கதைகளில் அது சிரித்து மயக்கிப் பகைவரைக் கொல்லும் உருவாயிற்று. இன்று மலைமேல் உள்ள எட்டுக்கை அம்மன் கோயிலைக் கொல்லிப்பாவை கோயில் என்றே மக்கள் அழைக்கின்றனர். சங்கப் பாடல்களில் எட்டுக் கைகள் பற்றிய பேச்சு இல்லை. டாப் விதன்ஸ் சுவரின் முன் நின்ற அதே நிலையில்தான் நாமும் இங்கு நிற்கிறோம். கோயிலில் வழிபடும் மக்களின் பக்தி மதிக்கத்தக்கது. அது பாட்டின் சான்றைச் சார்ந்து நிற்கவில்லை. பாட்டும் அக்கோயிலைச் சான்றாகக் கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றென வற்புறுத்தும்போதுதான் இரண்டுமே குன்றுகின்றன.

இனி நான் முதன்மையாகச் சுட்ட விரும்புவது குறுந்தொகையின் நூறாவது பாட்டு. இதுவும் கபிலர் பாட்டு. இதிலும் பாவை உண்டு. தலைவியை எய்துதற்கு அரியவள் எனத் தலைவன் சொல்வதே அதன் கருத்து. ஆனால் பாவையை எட்டுமுன் கபிலர் நம்மை எவ்வழியே அழைத்துச் செல்கிறார் என்று பாருங்கள். அருவி பாயும் பரப்பில் ஐவனம் என்னும் மலைநெல்லை விதைக்கிறார்கள். இடையே முளைத்த காட்டுச் செடிகளைக் களைந்தெறிகிறார்கள். காந்தள் பூக்கும் அச்சாரலில் உள்ள சிறுகுடி பசியால் வாடும்போது, யானைத் தந்தத்தை விற்று உணவு கொள்கிறது. அத்தகைய ஓரியின் கொல்லிமலையில்தான் பாவை நிற்கிறது.

விதைப்பு, களையெடுப்பு, பசி, விற்பனை: இந்நான்கும் வந்த பிறகே அழகு வருகிறது. வள்ளலின் மலையிலும் சிற்றூர் பசித்திருந்தது என்பதைக் கபிலர் மறைக்கவில்லை. பொன்னுக்கு நிகரான தந்தத்தைக் கையில் வைத்திருப்பவர்கள், அதை விற்றால்தான் உண்ணலாம் என்ற நிலையில் இருந்தனர். உரையாசிரியர்கள் இதனை வளத்தின் அடையாளமாகவும் கொள்ளலாம். தந்தத்தையே விற்றுண்ணும் அளவுக்கு மலை செழிப்பானது என்று விளக்கலாம். அவ்விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் 'பசி' என்ற சொல்லைக் கவிஞர் வைத்திருக்க, அதைக் கடந்து பாவையிடம் விரைந்து செல்வது கவிஞருக்கு நாம் செய்யும் நீதி ஆகாது. ஏழு அடிகளுக்குள் ஒரு மலையின் பொருளாதாரத்தையே இவர் கூறிவிட்டார். இதுவே ஹார்டியின் கிழங்கு வயலுக்கு நிகரான நம் பக்கம்.

நாவல் என்று வரும்போது கொல்லிமலைக்கு நாம் நாடுவது கல்கியின் 'பார்த்திபன் கனவு'. 1940களின் தொடக்கத்தில் 'கல்கி' இதழில் தொடராக வந்த இக்கதை ஏழாம் நூற்றாண்டில் நிகழ்கிறது. சோழ அரசியார் அருள்மொழி கவர்ந்து செல்லப்படும் பகுதியில் கொல்லிமலை இடம்பெறுகிறது. ஸ்காட் வழிவந்த வரலாற்றுப் புதினக் கலையைத் தமிழ் மண்ணில் வேரூன்றச் செய்தவர் கல்கி. காவிரிக் கரையை அவர் எழுதும்போது அங்கே படகோட்டியின் குடிசையும் உண்டு, அவனது துயரமும் உண்டு. பொன்னனும் வள்ளியும் அரச குலத்தவரைவிட நம் மனத்துக்கு நெருக்கமானவர்கள். கொல்லிமலையை எழுதும்போதோ வாசகர் மனத்தில் தங்குவது குகையும் காட்டுவழியும் கபாலிகரின் மர்மமுமே. சமவெளியில் வாழ்பவனுக்கு மலை ஒரு மறைவிடம்; ஆபத்து பதுங்கியிருக்கும் இடம். அந்தப் பார்வையே நாவலிலும் இயங்குகிறது. கதையின் விறுவிறுப்புக்கு இது உதவியது. மலையை அறிவதற்கு உதவவில்லை. கல்கியின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. காவிரிக்கு அவர் செய்த நீதியை அளவாகக் கொண்டே கொல்லிக்குச் செய்யாததை நாம் உணர்கிறோம்.

ஆங்கிலத்தில் கொல்லிமலையை உலகறியச் செய்தவை நாவல்கள் அல்ல, மறைப்பணியாளர் வரலாறுகள். ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் பாப்டிஸ்ட் சபைத் தம்பதியர் இம்மலையில் குடியேறிப் பணிபுரிந்தனர். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்தார். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்து உலகப் புகழ் பெற்றார். ஜெஸ்ஸி 1929இல் மலைக்காய்ச்சலின் கொடிய வகையால் இம்மலையிலேயே இறந்தார். எவலின் முதுமையிலும் மலைகளை விட்டு இறங்க மறுத்து, 1974இல் காலமானார். டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1965இல் மகனைப் பற்றியும் 1976இல் தாயைப் பற்றியும் நாவல் போன்ற நடையில் நூல்கள் எழுதினார்.

இந்த மரபில் கொல்லி என்ற பெயர் 'கொல்லும் மலை' என்றே பொருள்கொள்ளப்பட்டது. மரணத்தின் மலையாக அது காட்டப்பட்டது. கொசுவும் காய்ச்சலும் சூழ்ந்த அன்றைய நிலையில் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. சங்கப் புலவரும் கொல்லியை அச்சம் தரும் மலையாகச் சொன்னதுண்டு. ஆனால் அது தெய்வம் உறைவதால் எழும் அச்சம். மலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கோ இவ்விரண்டு அச்சமும் முதன்மையல்ல. அது அவனுடைய வீடு. வெளியிலிருந்து வருபவர் சூட்டும் பெயரும் உள்ளே வாழ்பவரின் உறவும் வேறு வேறு. எத்துணை அன்போடு எழுதினாலும், இந்த இடைவெளியை உணராத நூல் மலைமக்களை மீட்கப்பட வேண்டியவர்களாக மட்டுமே காணும் ஆபத்து உண்டு.

ஆனால் இதே குடும்பத்திலிருந்து வந்த ஒரு சிறு கட்டுரை அந்த இடைவெளியைத் தாண்டுகிறது. பால் பிராண்ட் 1980களில் எழுதியது அது. ஒரு கைப்பிடிச் சேறே அதன் பொருள். மலையின் படிவயலில் தவளை பிடித்து விளையாடிய சிறுவர்கள் வரப்பைக் கலக்கிவிட, சேறு கலந்த நீர் கீழ்வயலுக்கு வழிகிறது. முதியவர் ஒருவர் வந்து, ஒரு கைச் சேற்றை அள்ளிக் காட்டி, இது தலைமுறை தலைமுறையாக எங்களுக்குச் சோறு தருவது, வரப்பைத் தாண்டிப் போனால் மீண்டும் மலையேறி வராது என்று அவர்களுக்கு உணர்த்துகிறார். உலகப் புகழ்பெற்ற மருத்துவர் தம் முதுமையில், மண்ணைக் காப்பது மருத்துவத்தினும் பெரும் பணி என்று எண்ணும் அளவுக்கு அந்தப் பாடம் அவரிடம் தங்கியிருந்தது. இங்கே வெள்ளைக்காரச் சிறுவன் கற்கிறான். மலைவாழ் முதியவர் கற்பிக்கிறார். மறைப்பணி இலக்கியத்தில் வழக்கமான திசை இக்கட்டுரையில் திரும்பிவிட்டது. இருப்பினும் ஒரு குறை: அம்முதியவர் கட்டுரையில் 'தாத்தா' மட்டுமே. ஓரியின் தெருவில் கதறியவர்களைப் போல, கபிலரின் பசித்த சிறுகுடியைப் போல, அவரும் பெயரற்றவர்.

மலைமக்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அது. இத்தகைய மரபுக் கதைகளை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தம் தொகுதிகளில் குறித்துள்ளார். அவர்கள் சொற்படியே அவர்கள் சங்க காலத்திலிருந்து அசையாமல் நிற்பவர்கள் அல்லர், பின்னர் வந்தவர்கள். ஆனால் மலைக்கு வரும் இலக்கிய அன்பர் அவர்களை ஓரியின் எச்சமாகவே காண விரும்புகிறார். நூலில் படித்ததை மனிதர்மேல் போர்த்துவது இதுவே. கபிலர் கண்ட சிறுகுடிக்கும் இன்றைய ஊருக்கும் உள்ள தொடர்பு குருதித் தொடர்பாக இருக்க வேண்டியதில்லை. ஒரே சரிவு, ஒரே மழை, ஒரே உழைப்பு என்னும் தொடர்பு போதும்.

அந்த உழைப்பு இன்று என்ன ஆயிற்று? குறிஞ்சிப் பாடல்களின் உயிர்நாடி தினைப்புனம். தலைவி பரணில் நின்று கிளி ஓட்டுவதும் தலைவன் அங்கு வருவதும் தினை விளைந்ததால் நிகழ்ந்தவை. கொல்லிமலையில் தினை, சாமை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்கள் நெடுங்காலம் உணவாக விளங்கின. கடந்த சில பத்தாண்டுகளில் அவற்றின் நிலத்தைப் பெரும்பாலும் மரவள்ளிக் கிழங்கு பிடித்துக்கொண்டது. கீழே சேலம், நாமக்கல் பகுதிகளில் உள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது செல்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இப்பயிர் கையில் பணம் தருகிறது என்பதை மறுக்க இயலாது. ஏழை உழவன் அதை நாடியதில் குற்றமும் இல்லை. ஆனால் மரவள்ளித் தோட்டத்தில் கிளி ஓட்ட வேண்டியதில்லை. கிழங்கு மண்ணுக்கடியில் இருக்கிறது. சரிவில் கிழங்கைத் தோண்டும்போது மண் இளகி, அடுத்த மழையோடு இறங்கிவிடுகிறது. அந்தத் தாத்தா அஞ்சியது இதைத்தான். மலையில் விளைந்ததை விற்று, உண்பதற்கு அரிசி வாங்கும் வாழ்க்கை, தந்தத்தை விற்றுண்ட சிறுகுடியின் வாழ்க்கையை எவ்வளவு ஒத்திருக்கிறது!

இதற்கிடையே நம்பிக்கை தரும் முயற்சியும் உண்டு. 1988இல் சென்னையில் தொடங்கப்பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் இம்மலையின் உழவர்களோடும் பெண்கள் குழுக்களோடும் சேர்ந்து, சிறுதானிய விதைகளைக் காக்கவும், அவற்றைக் குத்தும் வேலையை இயந்திரத்தால் எளிதாக்கவும், விற்பனைக்கு வழிகாணவும் பணிபுரிந்து வந்துள்ளது. சாமையைக் குத்திப் புடைக்கும் கடும் உழைப்பு பெண்களின் தோளில் விழுந்ததும் அப்பயிர் கைவிடப்பட ஒரு காரணம் என்பதை அவர்கள் உணர்ந்தனர். இலக்கிய ஆர்வலர் இதைத் தமக்குத் தொடர்பற்ற வேளாண்மைச் செய்தி என்று ஒதுக்கிவிடலாகாது. தினை மறைந்தால் குறிஞ்சித் திணை அகராதியின் துணையோடு மட்டுமே படிக்கப்படும் காலம் வந்துவிடும்.

நம் வாசகர்களுக்கு இந்த அணுகுமுறை புதிதன்று. விதைப்பவர் உவமையைப் படிக்கும்போது, பாறை நிலமும் முட்செடியும் நல்ல நிலமும் எத்தகையவை என்பதை நிலத்தில் வேலை செய்தவர் நம்மினும் தெளிவாக உணர்கிறார். நூலறிவு உள்ளவர் அவரிடம் கேட்டுக் கற்க வேண்டிய இடம் அது. கொல்லிமலைப் பாடலுக்கும் அத்தகைய ஆசிரியர்கள் மலைமேல் இருக்கின்றனர்.

ஆகவே செம்மேட்டுக்குச் செல்பவர்கள் ஓரியின் சிலையைக் காணட்டும், அருவியில் நீராடட்டும், அம்மன் கோயிலிலும் நிற்கட்டும். குறுந்தொகையின் நூறாவது பாட்டையும் கையில் கொண்டு செல்லட்டும். பிறகு சரிவில் வேலை செய்யும் ஒருவரை அணுகி, அவர் பெயரைக் கேட்டு, இந்த ஆண்டு என்ன விதைத்தீர்கள், அதில் உண்பதற்கு எவ்வளவு, விற்பதற்கு எவ்வளவு என்று பேசட்டும். கபிலர் அந்த ஏழு அடிகளை எழுதுவதற்கு முன் இந்தக் கேள்விகளுக்கு விடை அறிந்திருந்தார். அவரைப் படிக்கும் நாமும் அறிந்திருப்பது முறை.